சின்ன வால்வு ஆம்ப், பழைய ஸ்பீக்கர்: ஜோடி சேர்க்கும்போது நடக்கும் தவறுகள்

பழைய பாணி ஆம்ப்ளிஃபயருக்கு (ஆம்ப்) பழைய ஸ்பீக்கர்தான் பொருந்தும் என்று நம்புவது முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்து கிளைத்தவை. ஆசைப்பட்டு, ட்ரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாயான வால்வு, அதிலும் 300பி என்ற வகை போட்ட ஆம்ப் ஒன்றை வாங்குகிறார்கள். கூடவே எழுபதுகளில் செய்த வெளிநாட்டு ஸ்பீக்கர் ஒரு ஜோடி, நல்ல தேக்கு நிறத்தில். அலமாரியில் வைத்தால் கல்யாண ஜோடி மாதிரி இருக்கும். பாட்டு போட்டு வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் மிருதங்கத்தின் தொப்பி கரகரக்கும். உடனே வால்வு மேல் பழி விழும்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று ஊகிக்க முடிகிறது. அந்தக் காலத்து டீக்கடை வால்வு ரேடியோவில் இஎல்84 போல ஒரே ஒரு அவுட்புட் வால்வுதான் இருக்கும். மிஞ்சிப் போனால் 4, 5 வாட். அதிலேயே சினிமாப் பாட்டு எதிர்வாடை வரை கேட்டது. காரணம், அந்த ரேடியோவுக்குள் இருந்த ஸ்பீக்கரின் காகிதக் கோன் மிக லேசானது. ஆழமான பேஸுக்கு அது ஆசைப்படவே இல்லை.

1954-இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சரும் ஹென்றி க்ளாஸும் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம் இந்தக் கணக்கை மாற்றியது. காற்றுப் புகாத சின்னப் பெட்டிக்குள் கனமான கோனை வைத்து ஆழமான பேஸ் கொண்டுவந்தார்கள். அதற்குக் கொடுத்த விலை உணர்திறன், அதாவது சென்ஸிட்டிவிட்டி: ஒரு வாட் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பது. சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், உரத்த சத்தம் மூன்றில் இரண்டுதான் ஒன்றாகக் கிடைக்கும். பிறகு ட்ரான்சிஸ்டர் வந்து வாட் மலிவானதும் உரத்த சத்தத்தைக் கைவிடப் பெரும்பாலோர் தயங்கவில்லை. அதே நிறுவனத்தின் ஏஆர்-3ஏ போன்ற அறுபதுகளின் இறுதிக்காலப் பெட்டிகளும், எண்பதுகளில் நம்மூர் வீடுகளில் இருந்த பல செட்டுகளின் பெட்டிகளும் ட்ரான்சிஸ்டர் ஆம்பை நம்பிப் பிறந்தவை. வயது ஐம்பது ஆனாலும் வால்வுக்கு அவை உறவில்லை.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 300பி ஒன்று கொடுப்பது சுமார் 8 வாட். ஒரு வாட்டில் இருந்து 8 வாட்டுக்குப் போனால் கூடுவது 9 டெசிபல்தான். ஸ்பீக்கரின் உணர்திறன் 87 என்றால் ஒரு மீட்டர் தூரத்தில் 96. சோபா மூன்று மீட்டர் தள்ளி இருக்கிறது. இரண்டு ஸ்பீக்கர் சேர்வதையும் சுவர்கள் திருப்பி அனுப்புவதையும் கூட்டிக்கொண்டாலும் காதுக்கு வருவது 90 அளவில். போதுமே என்று தோன்றும். ஆனால் அது உச்சம். தனி ஆவர்த்தனத்தில் ஒரு அடியின் உச்சத்துக்கும் சராசரி ஒலிக்கும் இடையே 15 டெசிபல் இடைவெளி சாதாரணம். அப்படியானால் சராசரியை 75-இல் நிறுத்த வேண்டும். கதவைச் சாத்தி, ஃபேனையும் குறைத்து வைத்து வீணை கேட்க அது தாராளம். முழு ஆர்கெஸ்ட்ராவோடு வரும் சினிமாப் பாட்டுக்கு முட்டும். 2ஏ3 என்ற சின்ன வால்வு என்றால் மூன்றரை வாட்தான். நிலைமை இன்னும் இறுக்கம்.

அதே ஆம்பை 96 டெசிபல் ஸ்பீக்கரோடு சேர்த்தால், 87 ஸ்பீக்கருக்கு 64 வாட் கொடுத்ததற்குச் சமம். 1957-இல் வந்த க்ளிப்ஷ் ஹெரஸி அந்த வகை. அதற்காக நூறு டெசிபலைத் தாண்டிய, கூம்பு வாய் வைத்த ஹார்ன் ஸ்பீக்கருக்கு ஓட வேண்டியதில்லை. அவ்வளவு உணர்திறன் உள்ள பெட்டி ஆம்பின் ‘ம்ம்ம்’ என்ற உறுமலையும் பெரிதாக்கிக் காட்டும். வால்வுக்குள் இருக்கும் இழையை ஏசி மின்சாரத்தில் சூடாக்கும் 2ஏ3 ஆம்ப் என்றால் இரவு பத்து மணிக்கு அந்த உறுமல் நன்றாகவே கேட்கும்.

உணர்திறன் எண்ணிலும் ஒரு பொறி உண்டு. நிறையத் தயாரிப்பாளர்கள் அதை 2.83 வோல்ட்டில் அளந்து சொல்கிறார்கள். 8 ஓம் ஸ்பீக்கருக்கு அது ஒரு வாட். 4 ஓம் ஸ்பீக்கருக்கு இரண்டு வாட். எனவே 4 ஓம் பெட்டியில் 90 என்று போட்டிருந்தால் மனசுக்குள் 87 என்று படியுங்கள்.

பெட்டியின் பின்னால் ‘60 வாட்’ என்று எழுதியிருப்பதைப் பார்த்து, எட்டு வாட் ஆம்ப் இதை எப்படி ஓட்டும் என்று ஒதுக்குவது இதற்கு நேர் எதிரான தவறு. அது ஸ்பீக்கர் தாங்கும் அளவு. கேட்கும் அளவு இல்லை. பிஎம்பிஓ என்று ஊதிப் பெருக்கிய கணக்கில் ஆயிரக்கணக்கில் வாட் அச்சடித்த டேப் ரெக்கார்டர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு வாட் என்றாலே கண் அங்கேதான் போகிறது.

இனி ஓம் விஷயம். நல்ல ஜோடியும் கெட்டுப்போவது பெரும்பாலும் இங்கேதான். வாங்கும் முன் மல்டிமீட்டரை ஓமில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் தொடுங்கள். 8 ஓம் பெட்டி ஐந்தரைக்கும் ஏழுக்கும் நடுவில் காட்டும். மூன்று, மூன்றரை காட்டினால், லேபிள் என்ன சொன்னாலும் அது 4 ஓம் பெட்டி. ஆனால் மீட்டர் காட்டுவது ஒரே ஒரு புள்ளி. பாட்டு ஓடும்போது ஸ்பீக்கரின் இம்பீடன்ஸ், அதாவது அது ஆம்புக்குக் காட்டும் தடை, ஸ்வரத்துக்கு ஸ்வரம் மாறும்: ஓரிடத்தில் 5 ஓம், பேஸில் ஒரு மேட்டில் 30 ஓம். 300பி, 2ஏ3 ஆம்புகள் பெரும்பாலும் சிங்கிள் எண்டட், அதாவது ஒரே வால்வு முழு அலையையும் சுமப்பவை. ஃபீட்பேக் (வெளியே போவதில் கொஞ்சத்தைத் திருப்பி அனுப்பிப் பிழை திருத்துவது) இல்லாத அப்படி ஒரு ஆம்பின் உள்தடை, அதாவது ஆம்புக்குள்ளேயே இருக்கும் தடை, இரண்டு, இரண்டரை ஓம் இருப்பது சகஜம். இரண்டரை என்றே வைத்துக்கொண்டால், 5 ஓம் இடத்தில் ஒலி மூன்றரை டெசிபல் இழக்கும். 30 ஓம் மேட்டில் முக்கால் டெசிபல்கூட இழக்காது. அந்த மேடு மட்டும் கிட்டத்தட்ட 3 டெசிபல் துருத்திக்கொண்டு நிற்கும். ‘வால்வு பேஸ் என்ன குண்டா இருக்கு பாரு’ என்று பலர் மெச்சுவது இதைத்தான். ஒரு ராகத்துக்குச் சுகமாக இருக்கும். மூன்றாவது இசைத்தட்டில் எல்லா டபுள் பேஸும் ஒரே ஸ்வரத்தில் பேசுவது போலப் படும்.

1957-இல் வந்த க்வாட் மின்னிலை ஸ்பீக்கரையே எடுத்துக்கொள்ளுங்கள்; கோன் இல்லாமல், தகடுகளுக்கு நடுவே மின்னேற்றிய மெல்லிய படலத்தால் ஒலிப்பது அது. க்வாடின் 15 வாட் வால்வு ஆம்புடன் சேர்ந்து பேர் வாங்கியது. உச்ச ஸ்தாயியில் அதன் இம்பீடன்ஸ் 2 ஓம் வரை இறங்கிவிடும். க்வாட் ஆம்பில் ஃபீட்பேக் இருந்ததால் சமாளித்தது. அதையே 300பி-யில் மாட்டினால் ஜால்ராச் சத்தம் திரைக்குப் பின்னால் போய்விடும். போதாததற்கு, நம் கடற்கரை ஈரத்தில் உயர் வோல்ட்டில் இயங்கும் அந்தத் தகடுகளைக் காப்பாற்றுவது தனிப் பாடு.

ஆம்பின் பின்னால் 4, 8, 16 என்று முனைகள் இருந்தால் எழுதியிருப்பதை வேதவாக்காக எடுக்காதீர்கள். 8 ஓம் ஸ்பீக்கரை 4 ஓம் முனையில் மாட்டிப் பாருங்கள். வாட் கொஞ்சம் குறையும். உள்தடையும் இரைச்சலும் குறைந்து பேஸ் இறுகும். ஆம்புக்கு ஒன்றும் ஆகாது. தலைகீழாக, 4 ஓம் பெட்டியை 16 முனையில் மாட்டுவதைத் தவிருங்கள். எந்த முனையிலும் ஸ்பீக்கர் இல்லாமல் ஆம்பை ஆன் செய்து பாட்டு கொடுப்பது எல்லாவற்றையும் விட மோசம்: அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்ட் எகிறி உள்ளேயே பொறி பறக்கும்.

ஸ்பீக்கரின் உடம்பையும் பார்க்க வேண்டும். சென்னையில் கடலோரமாகப் பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் இருந்த பெட்டி என்றால் முதலில் கோனைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். கறுப்புப் பிசின் விரலில் ஒட்டினால் வளையம் போய்விட்டது. வளையம் மட்டும் மாற்றினால் போதும். சரியான மென்மையில் கிடைக்க வேண்டும், அவ்வளவே. முழு கோனையும் மாற்றித் தருகிறேன் என்று மேடை ஸ்பீக்கர் பழுது பார்ப்பவர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கனமான புது கோன் போட்டால், எதற்காக அந்தப் பழைய ஸ்பீக்கரைத் தேடினீர்களோ அந்த உணர்திறனே போய்விடும். பிறகு ஐந்து விரலையும் பரப்பி கோனைச் சமமாக உள்ளே அழுத்துங்கள். சரசரவென்று உரசினால் கோனை அசைக்கும் கம்பிச் சுருளில் (வாய்ஸ் காயில்) சிக்கல். விலை பேசாமல் திரும்பி வந்துவிடலாம்.

ஆம்பை இங்கேயே செய்யச் சொல்பவர்களுக்கு ஒரு வார்த்தை. சென்னை ரிச்சி தெருவில் உதிரி பாகம் கிடைக்கும். ஆனால் ஸ்டெபிலைசர் ட்ரான்ஸ்ஃபார்மர் சுற்றிப் பழகிய கை, சிங்கிள் எண்டட் ஆம்பின் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மருக்கும் இரும்புத் தகடுகளை (கோர்) இடைவெளி விடாமல் அடுக்கிவிடும். இதில் டிசி மின்சாரம் ஓயாமல் ஓடுவதால் கோரில் காற்றிடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் கோர் திணறி பேஸ் காணாமல் போகும். இந்த முறை பழி ஸ்பீக்கருக்கு.

220 வோல்ட் என்று போட்ட வெளிநாட்டு ஆம்பை, இரவில் 245 வரும் தெருவில் நேராகச் செருகினால் வால்வைச் சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டருக்கு 7 வோல்ட் போகும். வால்வின் ஆயுள் அங்கேயே கரையும். ஸ்டெபிலைசர் போடுங்கள், எர்த் பின்னை வெட்டாதீர்கள்.

ஏற்கெனவே பொருந்தாத ஜோடியை வாங்கி வைத்திருப்பவர்கள் எதை விற்பது? பெட்டி நன்றாக இருந்தால் பெட்டியை வைத்துக்கொண்டு ஆம்பை மாற்றுங்கள் என்பதே என் கட்சி. நாலு இஎல்84 போட்ட புஷ்-புல் (பக்கத்துக்கு இரண்டு வால்வு வேலையைப் பகிர்ந்துகொள்ளும்) ஸ்டீரியோ ஆம்ப், பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வாட்டும் குறைந்த உள்தடையும் தரும். 300பி-யின் கவர்ச்சி அதற்குக் கிடையாது, விலையும்தான். மனசு கேட்கவில்லை என்றால் நாற்காலியை நகர்த்துங்கள். பிபிசி வடிவமைத்த எல்எஸ்3/5ஏ என்ற சின்ன ஸ்பீக்கரின் உணர்திறன் 82, 83 தான். ஒலிபரப்பு வேனுக்குள் அருகில் வைத்துக் கேட்கப் பிறந்தது அது. பழைய 15 ஓம் வகை வால்வுக்கு ரொம்பத் தொந்தரவு கொடுக்காது. மூன்று மீட்டரை ஒன்றரை ஆக்கினால் நேராக வரும் ஒலியில் 6 டெசிபல் சும்மா கிடைக்கும். பத்துக்குப் பத்து அறைக்கு அதுவே போதும்.