இரண்டு டாக்டர், ஒரே வயிறு: மாத்திரை சேருமா என்று பார்ப்பது எப்படி?

மார்த்தாண்டத்தில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நம்ம ஊரில் இதயத்துக்குத் திருவனந்தபுரம், முட்டுவலிக்கு நாகர்கோவில், போதாததற்குக் கஷாயம் என்று பலருக்கும் வைத்தியம் பல திசையில் ஓடும். ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்த்திருக்க மாட்டார்.

முதலில் வீட்டில் இருக்கிற எல்லா மருந்தையும் மேசையில் பரப்புங்கள். கஷாயம், அரிஷ்டம், கேஸ் மருந்து, சத்து மாத்திரை எல்லாம் கணக்கில் உண்டு. அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதை விட்டுவிட்டுப் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். கடையில் அட்டையை வெட்டித் தரும்போது பெயர் போய்விடும்; கவரில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள், கூச்சம் வேண்டாம்.

ஒரே பெயர் இரண்டு முறை வந்தால் அங்கேயே நில்லுங்கள். டோலோ 650 பாராசிட்டமால்தான். வலி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கும். அளவு மீறினால் ஈரல் கெடும்.

ஒரு பாட்டா வந்து, "மக்களே, முட்டுவலிக்கு ரெண்டு குளிகை தா" என்றார். வேறு என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும், "வால்வு மாத்துனதுக்கு ஒண்ணு உண்டு" என்று சட்டைப்பையிலிருந்து எடுத்தார். ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் வார்ஃபரின்! அதோடு டைக்ளோஃபினாக் என்ற வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றில் ரத்தம் கசியலாம். மலம் கறுப்பாகப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். வலி மாத்திரை கொடுக்காமல் டாக்டரிடம் அனுப்பினேன்.

நெஞ்சுவலிக்கு நாக்கடியில் வைக்கும் மாத்திரையும் ஆண்மைக் குறைவுக்குப் போடும் சில்டெனாஃபிலும் சேரவே கூடாது, பிரஷர் படுத்துவிடும். ஆண்கள் இதை மறைப்பார்கள், டாக்டரிடமாவது சொல்லுங்கள். தைராய்டு மாத்திரையும் கால்சியமும் அப்படி இல்லை, நாலு மணி நேரம் இடைவெளி விட்டால் போதும். அதிமதுரம் சேர்ந்த மருந்து தொடர்ந்து குடித்தால் பிரஷர் ஏறும்.

இணையத்தில் தேடுவதென்றால் மருந்தின் பெயரைப் போடுங்கள். "எதுவும் இல்லை" என்று வந்தாலும் நம்பி இருந்துவிடாதீர்கள். கஷாயத்துக்கு அங்கே பதில் கிடைப்பது அபூர்வம். அந்தத் தாளைக் கடைக்காரரிடமோ டாக்டரிடமோ காட்டி, "இதோடு இதைப் போடலாமா?" என்று கேளுங்கள். வயது, கிட்னிக் கோளாறு, கர்ப்பம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். பதில் வரும்வரை புது மாத்திரையைத் தள்ளிவையுங்கள். பழையதை நீங்களாக நிறுத்தாதீர்கள்.