தோட்டத்துச் சடக்கில் சைக்கிள்: கோலகுபு பாரு பக்கம் செய்யக்கூடாதவை

மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துக் கோலகுபு பாருவை விட்டுக் கெர்லிங், கலும்பாங் பக்கம் மிதித்தால் வழிநெடுகச் செம்பனையும் (எண்ணெய்ப்பனை) பால்மரமும் (ரப்பர்)தான். சடக்கு, அதாவது சாலை, அவ்வளவாக ஏறி இறங்காது. புதிதாக வருகிறவர்கள் இதை நம்பித்தான் சனிக்கிழமை எட்டரை மணிக்குச் சாவகாசமாகக் கிளம்புகிறார்கள்.

நாளும் தவறு, நேரமும் தவறு. வெட்டிய செம்பனைக் குலையை 24 மணி நேரத்துக்குள் எண்ணெய் ஆலையில் சேர்க்கப் பார்ப்பார்கள். தாமதித்தால் பழத்தில் அமிலம் ஏறி எண்ணெயின் தரம் கெடும். அதனால் சனிக்கிழமையும் லாரி ஓடும். வளைவுகளில் உதிரிப் பழம் கொட்டி, சக்கரத்தில் நசுங்கி, தாரில் எண்ணெய் ஊறிக் கிடக்கும். செம்மஞ்சள் கறை கண்ணில் பட்டால் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறையுங்கள். கறைமேல் பிரேக்கைத் தொடவே கூடாது. பெரும்பாலான தோட்டங்களுக்கு ஞாயிறு ஓய்வு. அன்று வெளிச்சம் வந்ததும், ஏழேகாலுக்கெல்லாம் புறப்பட்டால் பத்தரைக்குள் வெயிலுக்குத் தப்பித் திரும்பலாம்.

அதிகம் பேரை நடுவழியில் உட்கார வைப்பது மட்டை முள். செம்பனை மட்டையின் அடிப்பகுதி முழுக்க முள். கழித்த மட்டையில் ஒன்றிரண்டு சடக்கோரம் விழுந்து கிடக்கும். ஓரத்தை ஒட்டியே மிதித்தால் அதன்மேல்தான் ஏறுவீர்கள். டியூப்பை மாற்றிவிட்டு உடனே காற்றடிப்பது அடுத்த தவறு. முள்ளின் நுனி முறிந்து டயருக்குள் நிற்கும். கொஞ்ச தூரத்தில் புது டியூப்பும் போகும். பழைய டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று பாருங்கள். டயரில் அதே தூரத்தில், வால்வுக்கு இரு பக்கமும், உட்புறத்தைத் துணியால் துடையுங்கள். துணி சிக்குமிடத்தில் நுனி இருக்கும். சின்ன இடுக்கியால் பிடுங்குங்கள். விரலை விட்டுத் தடவினால் விரலில் ஏறும். இரண்டு டியூப் கையில் இருக்கட்டும். காற்றையும் கல்லுப்போல ஏற்ற வேண்டாம்: 70 கிலோ எடைக்கு, 28 மில்லிமீட்டர் டயரில் 70 முதல் 75 பிஎஸ்ஐ போதும்.

கைப்பேசி வரைபடம் காட்டும் குறுக்குவழி பல இடங்களில் தோட்டத்தின் சொந்தச் செம்மண் பாதை. கேட்டில் ஜாகாவை (காவலாளியை) கேட்காமல் நுழையாதீர்கள். மழை பெய்திருந்தால் அனுமதி கிடைத்தாலும் வேண்டாம். களிமண் பிரேக்கில் அடைத்து, சக்கரம் சுற்றாது.

பிரேசர் மலை வேறு கணக்கு. கோலகுபு பாருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர், கடைசி எட்டு நல்ல ஏற்றம். வழியிலுள்ள அணையைத் தாண்டிய பிறகு கடையை நம்பாதீர்கள். மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர், கூடவே உப்பு. இடிமழை பெரும்பாலும் பிற்பகலில் பிடிக்கும் என்பதால் நண்பகலுக்குள் கீழே வந்துவிடுங்கள். இறக்கம் முழுக்கப் பிரேக்கை அமுக்கிக்கொண்டே வந்தால் ரிம் சூடேறும்: நேர்ப்பாதையில் அழுத்துங்கள், வளைவில் விடுங்கள். மூங்கில் சருகு கிடக்கும் நனைந்த வளைவு எண்ணெய்க் கறைக்குச் சளைத்ததல்ல.

லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின்) நாய்கள் துரத்தினால் வேகமெடுக்காதீர்கள். இறங்கி, உங்களுக்கும் நாய்க்கும் நடுவில் சைக்கிளை வைத்து நடங்கள். பெரும்பாலும் நாலு வீடு தாண்டியதும் விட்டுவிடும்.