டிரெய்லர் ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இரண்டு ஃபேன்

போன ஆகஸ்டில் டெக்சாஸில் ஒரு கேம்ப்கிரவுண்டில், வண்டிக்குப் பின்னால் இழுத்துப் போய்த் தங்கும் எங்கள் டிரெய்லரோடு நின்றிருந்தோம். வெளியே 102 டிகிரி ஃபாரன்ஹீட், டிரெய்லர் ஃபிரிட்ஜுக்குள் 52. சாப்பாடு கெடாமலிருக்க 40க்கு மேல் போகக் கூடாது. பால் திரிந்ததுகூடப் பரவாயில்லை, டப்பாவில் கொண்டு போன இட்லி மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு கீழ்த்தட்டெல்லாம் வழிந்திருந்தது.

இந்த ஃபிரிட்ஜில் கம்ப்ரசர் கிடையாது. கேஸாலோ 120 வோல்ட் ஹீட்டராலோ அம்மோனியாக் கரைசலைச் சூடாக்கிக் குளிர் உண்டாக்கும் அப்சார்ப்ஷன் வகை. முதுகுப்பக்கத் தகடுகளின் சூடு வெளியே போனால்தான் உள்ளே குளிரும். எங்களுடையது ஸ்லைடு-அவுட்டில் (டிரெய்லரை நிறுத்தியதும் வெளியே தள்ளி விரிக்கும் பகுதி) இருப்பதால் கூரையில் வென்ட், அதாவது காற்றுத் திறப்பு, இல்லை. இரண்டு வென்ட்டும் பக்கச் சுவரில்தான், சூடு மேலேயே தேங்கிவிடுகிறது. அதைத் தள்ளத்தான் ஃபேன்.

வாங்க வேண்டியவை: 12 வோல்ட், 120 மி.மீ. கம்ப்யூட்டர் ஃபேன் இரண்டு (பால் பேரிங் உள்ளதாகப் பாருங்கள், மற்றவை இந்தச் சூட்டில் சீக்கிரம் இரைய ஆரம்பிக்கும்), 45 டிகிரி செல்சியஸில் தானாக ஆன் ஆகும் தெர்மோஸ்டாட் சுவிட்ச், 2 ஆம்பியர் ஃபியூஸும் ஹோல்டரும், 18 கேஜ் வயர், ஹீட்-ஷ்ரிங்க் கிரிம்ப் கனெக்டர்கள் (வயரை நசுக்கி இணைத்து, சூடு காட்டினால் சுருங்கி இறுகுபவை). இன்சுலேஷன் டேப் வேண்டவே வேண்டாம், வெயிலில் பிசுபிசுவென்று உருகிக் கழன்றுவிடும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் கட்டாயம். விலை குறைந்ததே போதும்.

முதலில் கரண்ட். பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று நினைக்காதீர்கள். கேம்ப்கிரவுண்டு பிளக் மாட்டியிருந்தால், 120 வோல்ட்டை மாற்றித் தரும் கன்வர்ட்டர் 12 வோல்ட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும், சோலார் இருந்தால் அதுவும். எல்லாவற்றையும் எடுங்கள். கேஸ் வால்வையும் மூடுங்கள். பிறகு வெளிச்சுவரில் இருக்கும் கீழ் வென்ட்டைத் திறந்தால் பர்னரும், 120 வோல்ட் பிளக்கும், 12 வோல்ட் வயர்கள் வந்து சேரும் டெர்மினலும் தெரியும். (எனக்கு அதற்கு முன் தெரிந்தது ஒரு குளவிக்கூடு.)

இனி நான் மாட்டிக்கொண்ட இடம். ஊரில் பைக் வயரிங் பார்த்துப் பழகிய கை, கறுப்பு என்றாலே நெகட்டிவ். ஃபேனிலும் சிவப்பு, கறுப்பு என்றுதான் இரண்டு வயர். டெர்மினலில் கறுப்பும் வெள்ளையும் இருந்தன. கறுப்போடு கறுப்பு, சிவப்போடு வெள்ளை என்று சேர்த்துவிட்டேன். ஃபேன் அசையவில்லை. ஃபேன்தான் மட்டம் என்று திட்டிவிட்டு வேறொன்று வாங்கினேன். அதுவும் அசையவில்லை. மறுநாள்தான் மீட்டரை வைத்தேன். திரையில் 12.6, அதற்கு முன்னால் சின்னதாக ஒரு கோடு. மைனஸ்! அமெரிக்க டிரெய்லர்களின் 12 வோல்ட் வயரிங்கில் பெரும்பாலும் வெள்ளைதான் நெகட்டிவ், கறுப்பு பாசிட்டிவ். வீட்டு வயரிங்கிலும் கறுப்புதான் லைவ் என்பதால் இது இங்கே யாருக்கும் வினோதமாகப் படுவதில்லை. தலைகீழாகக் கொடுத்ததில் ஒரு ஃபேன் செத்தே போனது.

அதனால் நிறத்தை நம்பாதீர்கள். கேம்ப்கிரவுண்டு பிளக்கை மாட்டாமல் விட்டுவிட்டு, பேட்டரியை மட்டும் மாட்டி அளந்து பாருங்கள். மைனஸ் இல்லாமல் எண் வந்தால், மீட்டரின் சிவப்பு முனை தொட்டிருப்பது பாசிட்டிவ். அதில் ஒரு துண்டு டேப் ஒட்டி அடையாளம் வைத்துக்கொண்டு பேட்டரியைத் திரும்பக் கழற்றுங்கள்.

அப்புறம் எல்லாம் சுலபம். பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ், அதிலிருந்து தெர்மோஸ்டாட், அதிலிருந்து இரண்டு ஃபேன்களின் சிவப்பு வயர்களும் ஒன்றாக. கறுப்பு இரண்டும் சேர்ந்து நெகட்டிவுக்கு. ஒன்றன் பின் ஒன்றாகக் கோத்தால் ஆளுக்கு 6 வோல்ட்தான் கிடைக்கும். ஃபேன்களை மேல் வென்ட்டின் உட்புறம், காற்று வெளியே போகும்படி திருகுங்கள். பல ஃபேன்களின் சட்டத்தில் திசைக்கு அம்புக்குறி இருக்கும். கீழே பர்னர் பக்கம் வைத்தால் கேஸில் ஓடும்போது தீ அணைந்துவிடலாம். தெர்மோஸ்டாட்டை மேல் தகட்டில் பொருத்துங்கள். நான் முதலில் புகைக்குழாய் பக்கம் வைத்து, ஃபேன் நிற்கவே மாட்டேன் என்றது.

பேட்டரியை மாட்டி, ஹேர் டிரையரால் தெர்மோஸ்டாட்டைச் சூடாக்கினால் 'டிக்' என்று ஒரு சத்தம், உடனே ஃபேன் சுற்றும்.

அடுத்த பயணத்தில் அதே வெயிலில் பகலில் 41, இரவில் 36. பகலில் 38ஆவது வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. இன்னும் மதிய நேரத்தில் கதவை அடிக்கடி திறக்க விடுவதில்லை.

பின்சேர்க்கை: அடாப்டர் போட்டு அந்த 120 வோல்ட் பிளக்கிலேயே ஃபேனை ஓட்டலாமா என்று இரண்டு பேர் கேட்டார்கள். கரண்ட் இல்லாத இடத்தில் ஃபிரிட்ஜ் கேஸில் ஓடும்போது அந்தப் பிளக் செத்துக் கிடக்கும், ஃபேனும்தான். இன்னொருவர் குளவிக்குப் பயந்து வென்ட்டில் கொசுவலை அடித்திருக்கிறார், ஃபேன் ஓடியும் குளிரவில்லையாம். அவ்வளவு நெருக்கமான வலையில் தூசி அடைந்து காற்றே வராது. கொஞ்சம் பெரிய கண் உள்ள கம்பி வலை போடச் சொல்லியிருக்கிறேன்.