கோடு போட்ட பிறகு வாசலுக்குப் போங்கள்: புதிதாகப் பிரதி அதிபரானவர்களுக்கு

காலை 7.30க்கு மணி அடித்ததும் ஆசிரியர் வரவு இடாப்பில் சிவப்புக் கோடு போடுங்கள், பிந்தி வருபவர் அதற்குக் கீழேதான் கையெழுத்து வைப்பார். யாருக்காகவும் பொறுக்காதீர்கள். இன்று ஒருவருக்கு ஐந்து நிமிடம் விட்டால் நாளைக்கு இன்னொருவர் கேட்பார், அவருக்கு மறுத்தால் அது பகையாகும். அதிபருக்கும் அதே கோடுதான்.

கோடு போட்ட கையோடு எழும்பி, பிந்தி வருபவரைக் காண வாசலுக்குப் போங்கள். இதை நான் பிந்தித்தான் கற்றேன்.

தீவுப் பாடசாலை ஒன்றில் பிரதி அதிபராக எனக்கு முதல் வருடம். சோளகக் காற்று அடிக்கும் காலம். குறிகட்டுவான் இறங்குதுறையில் படகேறி வரும் கணித ரீச்சர் மூன்று நாள் தொடர்ந்து கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்தார். மூன்றாம் நாள், பாடசாலையில் நடப்பதைப் பதியும் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் எழுதி, அவர் முன்னால் நீட்டினேன். ஒன்றும் பேசாமல் ஒப்பமிட்டார். அவர் திரும்பி நடக்கும்போதுதான் பார்த்தேன், சேலை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டியிருந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒரு நாளும் பிழை விடவில்லை. நாற்பது நிமிடப் பாடம், மணி அடித்தால் சோக் கீழே. முன்பெல்லாம் 1.30க்குப் பள்ளிக்கூடம் விட்ட பிறகும், பின்னேரப் படகுவரை சாதாரண தரப் பிள்ளைகளோடு வேப்பமரத்தடியில் இருந்து கணக்குச் செய்விப்பார். அது நின்றுவிட்டது. அப்படி இருக்கச் சொல்லி எந்தச் சுற்றுநிருபத்திலும் இல்லை. ஆகவே நின்றதைப் பற்றி எழுத என்னிடம் புத்தகமும் இல்லை.

பாடசாலைகள் தளர்வாகப் பிணைந்த அமைப்புகள் என்று அமெரிக்க ஆய்வாளர் கார்ல் வைக் 1976 இல் எழுதினார். கல்வி டிப்ளோமாப் பரீட்சைக்காக அதைப் பாடமாக்கியிருந்தேன், அந்த வேப்பமரத்தடி வெறுமையானபோதுதான் விளங்கியது. இடாப்பையும் நேரசூசியையும் நாங்கள் இறுக்கிப் பிடிக்கலாம். வகுப்புக்குள் ஒரு ரீச்சர் பிள்ளைக்கு எவ்வளவு மனம் வைக்கிறார் என்பது எங்கள் பிடியில் இல்லை.

இரண்டு கிழமை கழித்து இறங்குதுறையில் கணித ரீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன். "எழுதினது பிழையில்லை சேர். கேக்காமல் எழுதிப்போட்டியள்," என்றார்.

ஆகவே எதையும் எழுத முதல் கேளுங்கள். ஆசிரியர் அறையில் நாலு பேர் முன்னால் வேண்டாம், அலுவலக மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கவைத்தும் வேண்டாம். சைக்கிள் விடும் இடத்தில், தனியாக. "ஏன் பிந்தினீங்கள்?" என்று தொடங்கினால் சாட்டுத்தான் வரும். "கடல் கடுமையோ ரீச்சர்?" என்று கேட்டால் படகு எத்தனை மணிக்கு வெளிக்கிட்டது, யார் யார் அதில் வந்தார்கள் எல்லாம் வரும்.

அடுத்தது முக்கியம். கேட்டறிந்ததை இரகசியச் சலுகையாக்காதீர்கள். அடுத்த தவணை நேரசூசியில், படகில் வரும் எவருக்கும் முதலாம் பாடவேளையில் வகுப்பு இல்லை என்று போட்டேன். ஆசிரியர் கூட்டத்தில் காரணத்தோடு சொல்லி, கூட்ட அறிக்கையிலும் பதிந்தேன். கோடு 7.30க்கே நின்றது. காற்று நாளில் கோட்டுக்குக் கீழே கையெழுத்து விழுந்தாலும் பிள்ளைகள் ஆசிரியர் இல்லாமல் இருக்கவில்லை.

யாழ்ப்பாணத்தில் இந்தக் கடதாசி வேலை இன்னும் அவசியம். ஆசிரியர் அறையில் ஒருவர் உங்கள் மச்சாளாக இருப்பார், இன்னொருவர் உங்களோடு படித்தவர், அதிபர் உங்களுக்கே படிப்பித்தவராகவும் இருக்கலாம். லீவில் நிற்பவரின் வகுப்புக்கு ஆள் போடும் ரிலீவ் கொப்பியில்தான் சண்டை தொடங்கும். யாருக்கு இந்தத் தவணை எத்தனை ரிலீவ் என்று பெயருக்கு நேரே கோடு கீறி, கொப்பியை எல்லாரும் பார்க்கும் இடத்தில் தொங்கவிடுங்கள். சொந்தக்காரரின் பெயரை முதலில் போடுங்கள். அவருக்கு வீட்டில் விளக்கம் சொல்லிக்கொள்ளலாம்.

செத்தவீடு என்றால் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள். ஆசிரியர் ஒருவரின் தாயோ தகப்பனோ தவறினால் அன்றே இரண்டு பட்டியல் எழுதுங்கள்: இறுதிக்கிரியைக்குப் போகிறவர்கள், வகுப்புகளைப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள். நின்றவர்கள் பள்ளிக்கூடம் விட்டதும் போகட்டும். நீங்கள் இரண்டாவது பட்டியலில் இருங்கள். எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்து அவர் கடமைக்குத் திரும்பும் காலையில், லீவுப் படிவத்தை நீங்களே எடுத்துக்கொண்டு அவர் இருக்கும் கதிரைக்குப் போங்கள். திகதிகளை நிரப்பிவிடுங்கள். அவர் ஒப்பம் மட்டும் வைக்கட்டும்.