சேனல் என்பது வாத்தியம் அல்ல: கேம் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேம் இசையை ஆர்கெஸ்ட்ராவுக்கு அரேஞ்ச் செய்ய ஆரம்பித்திருப்பவர்கள் அவ்வப்போது ஸ்கோரை (எல்லா வாத்தியங்களுக்குமான சுரத்தாளை) அனுப்பி "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்பார்கள். திறந்ததும் தெரிந்துவிடும்: ஆரம்பத்தில் நான் விழுந்த அதே குழிகள், ஏறக்குறைய அதே வரிசையில். வயலினின் கடைசித் தந்திக்கும் கீழே சுரம் எழுதுவது மாதிரியான சில்லறைப் பிழைகளை இங்கே விட்டுவிடுகிறேன், அதையெல்லாம் மென்பொருளே சிவப்பில் காட்டிவிடும். அதற்குத் தெரியாத தவறுகள்தான் ஒத்திகையில் வந்து உயிரை வாங்கும்.

மிடி கோப்பை இறக்கி, சேனலுக்கு ஒரு வாத்தியம் என்று பங்கு போடுவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. யாரோ கேமிலிருந்து பிரித்தெடுத்து வைத்த மிடி கோப்பை (எந்தச் சுரம் எப்போது என்று மட்டும் பதிந்த கோப்பை) இறக்க வேண்டியது, நோட்டேஷன் மென்பொருளில் திறக்க வேண்டியது, முதல் சேனல் (ஒரு நேரத்தில் ஒரே ஒலி எழுப்பும் தடம்) வயலினுக்கு, இரண்டாவது ஓபோவுக்கு, மூன்றாவது டபுள் பேஸுக்கு, இரைச்சல் சேனல் ஸ்னேர் டிரம்முக்கு. முடிந்தது ஸ்கோர்.

ஃபாமிகாமில், அதாவது வெளிநாடுகளில் நெஸ் என்ற பெயரில் விற்ற பழைய நின்டெண்டோ கேம் பெட்டியில், மொத்தமே ஐந்து சேனல்: பல்ஸ் அலை இரண்டு, முக்கோண அலை ஒன்று, இரைச்சல் ஒன்று, சாம்பிள் (பதிவுசெய்த துண்டு ஒலி) ஒன்று. தாளத்தையும் சாம்பிளையும் கழித்தால் சுரம் பாட மிஞ்சுவது மூன்று. அந்த மூன்றிலும் நாயகன் குதிக்கும்போதோ சுடும்போதோ வரும் சத்தம் ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளும். அதனால் இசையமைப்பாளர் ஒரு சேனலை வாத்தியமாக நினைத்து எழுதவில்லை, காலியாக இருக்கும் இடமாகப் பயன்படுத்தினார். நான்கு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) மெட்டு பாடிய சேனல் ஐந்தாவது பாரில் பின்னணிக்குப் போய்விடும். அதை அப்படியே ஓபோவிடம் கொடுத்தால், நடுவில் மெட்டை ஏன் விட்டுவிட்டோம் என்று ஓபோக்காரருக்கும் புரியாது, கேட்பவருக்கும் புரியாது.

முக்கோண அலைச் சேனலில் ஒலியளவைக் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது, ஒலிக்கும் அல்லது ஒலிக்காது. அதில் வரும் பேஸ் (தாழ்ந்த குரல்) பாட்டு முழுக்க ஒரே அளவில் கேட்பது அதனால்தான், யாரும் அதை அப்படி விரும்பிக் கேட்கவில்லை. மிடியை நம்பியவர் அதையும் எழுதிவைப்பார், டபுள் பேஸ் வரிசையும் கடைசி பார் வரை கடமை தவறாமல் உறுமும்.

இதைவிட மோசம் எக்கோ. ஃபாமிகாமின் ஒலிச் சிப்பில் ரிவர்ப் (ஒலி அறையில் தங்கும் விளைவு) கிடையாது, எனவே பழைய கேம்களில் இரண்டாவது பல்ஸ் சேனல் முதல் சேனலின் மெட்டையே நொடியின் ஒரு சிறு பகுதி தாமதமாக, மெல்லிய ஒலியில் திரும்பப் பாடும். வெறும் அறையில் கூடம் மாதிரி ஒரு பிரமை உண்டாக்கும் தந்திரம் அது. நல்ல இசை அரங்கத்திலோ ஒலி தானாகவே இரண்டு நொடி வரை தங்கும். நான் உட்கார்ந்திருந்த ஓர் ஒத்திகையில் இரண்டாம் வயலின்களுக்கு இந்த எக்கோ அச்சு அசலாக எழுதப்பட்டிருந்தது. கண்டக்டர் நிறுத்தி, "இரண்டாம் வயலின், சேர்ந்து வாருங்கள்" என்றார். மறுபடி வாசித்தார்கள், மறுபடி நிறுத்தினார். அவர்கள் தாளில் இருந்ததைத் துல்லியமாகத்தான் வாசித்தார்கள், தாளே தாமதமாக வரும்படி இருந்தது! அது புரிவதற்குள் மேடையில் இருந்த அத்தனை பேருடைய சம்பள நேரமும் கரைந்தது. கடைசியில் அந்தப் பகுதி முழுவதற்கும் இரண்டாம் வயலின்கள் வில்லைக் கீழே வைத்துவிட்டார்கள், எழுதியவர் பின் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்புறம் ஆர்ப்பெஜியோ, அதாவது கார்டை (ஒன்றாக ஒலிக்கும் சுரக்கூட்டத்தை) ஒவ்வொரு சுரமாக உடைத்து வாசிப்பது. காமடோர் 64 என்ற பழைய கணினியின் சிட் ஒலிச் சிப்பில் மூன்றே குரல், மூன்றையும் கார்டுக்கே கொடுக்க வழியில்லை. ஆகவே கார்டின் சுரங்களை ஒரே குரலில் நொடிக்கு 50 முறை மாற்றி மாற்றி ஓட்டுவார்கள், காதுக்கு அது கார்டாகத் தெரியும். மிடியில் அது கறுப்பு மையாகக் கொட்டிக் கிடக்கும். புல்லாங்குழல்காரரிடம் அதை நீட்டினால் உங்களை மேலும் கீழும் பார்ப்பார். அது கார்டுதான், வயோலாக்களுக்குப் பிரித்துக் கொடுங்கள், வேலை முடிந்தது.

டெம்போவிலும், அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகத்திலும், இதே கதை. பழைய பெட்டிகளில் இசை பெரும்பாலும் திரையின் ஃப்ரேமைப் பிடித்துக்கொண்டு, நொடிக்கு 60 என்ற கணக்கில் நகரும். ஒரு பீட்டுக்கு 24 ஃப்ரேம் என்றால் டெம்போ 150, 28 என்றால் 129-க்குக் கொஞ்சம் குறைவு. மிடி கோப்போ 120 என்று ஏதோ ஒன்றைப் போட்டுக்கொண்டு வரும், உடனே எளிமையான ஒரு அணிவகுப்புப் பாட்டு முப்பத்திரண்டில் ஒரு பங்குச் சுரங்களாகவும் அவற்றைக் கோக்கும் வளைகோடுகளாகவும் சிதறிவிடும். அதைச் சுத்தம் செய்யும் நேரத்தில் காதால் கேட்டே புதிதாக எழுதிவிடலாம்.

காதால் எழுதுவதுதான் வழியும்கூட. மெட்டு, பேஸ், உணர்த்தப்படும் கார்டு, இந்த மூன்றையும் முதலில் பியானோ தாளில் கொண்டுவாருங்கள், பிறகு மிடியை மூடிவிடுங்கள். இடையில் இல்லாத குரல்களை நிரப்புவதுதான் அரேஞ்சரின் வேலை. 1986-ல் வந்த டிராகன் குவெஸ்ட் கேம் அதே ஃபாமிகாம் சிப்பில்தான் பாடியது. கொய்ச்சி சுகியாமாவின் அந்த இசை அடுத்த ஆண்டே டோக்கியோவில் கச்சேரி மேடை ஏறியது. சிப்பில் கேட்டதையும் ஆர்கெஸ்ட்ராவில் கேட்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள், நடுவில் எவ்வளவு புதிதாக எழுதப்பட்டிருக்கிறது என்று தெரியும்.

சிப்புக்கு மூச்சு வாங்காது

ட்ரம்பெட்காரருக்கு வாங்கும், உதடும் வலிக்கும். ஓய்வே இல்லாத மெட்டை ஒரே ஆளிடம் கொடுக்காமல் இரண்டு பேருக்கு மாற்றி மாற்றிக் கொடுங்கள், அல்லது நடுவில் நான்கு பாருக்கு வயலின்களிடம் தள்ளுங்கள்.

லூப்பைத் திரும்ப வாசித்துவிட்டு 'டமார்' என்று முடிப்பது

விளையாடுபவர் கேமில் ஒரே இடத்தில் எவ்வளவு நேரம் நிற்பார் என்று யாருக்கும் தெரியாது, அதனால்தான் கேம் பாட்டுக்கு முடிவே எழுதுவதில்லை, அது லூப்பாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆல்பத்தில் இரண்டு சுற்று ஓட்டி ஒலியைக் குறைத்து முடித்துவிடுவார்கள். மேடையில் அறுபது பேர் அப்படிக் கரைவது அபத்தமாக இருக்கும், சும்மா ஒரு பெரிய கார்டும் சிம்பலும் போட்டு நிறுத்துவது அதைவிட அபத்தம். இரண்டாம் சுற்றில் ஏதாவது மாறியாக வேண்டும்: மெட்டு செல்லோவுக்குப் போகட்டும், கார்டுகள் மாறட்டும், எதிர்மெட்டு ஒன்று வரட்டும். முடிவை அந்தப் பாட்டின் உள்ளேயே தேடுங்கள், பெரும்பாலும் அறிமுகத்தின் இரண்டு பார் கைகொடுக்கும். (பத்துப் பாட்டை அரை நிமிடம் அரை நிமிடமாக ஒட்டி மெட்லி என்று பெயர் வைப்பதும் இதே பிரச்சினையிலிருந்து தப்பி ஓடுவதுதான். கைதட்டல் வரும், ஆனால் இசை எங்கே?)

எல்லா அடுக்கையும் ஒரே நேரத்தில் ஒலிக்கவிடுவது

1991-ல் வந்த மங்கி ஐலண்ட் 2 கேமில் ஐமியூஸ் என்ற முறை காட்சிக்கு ஏற்ப இசையை ஓடும்போதே மாற்றியது. இன்றைய கேம்களில் அமைதி, ஆபத்து, சண்டை என்று தனித்தனி அடுக்குகள் ஏறி இறங்குகின்றன. மேடையில் விளையாடுபவர் இல்லை, எந்த அடுக்கு எப்போது வரும் என்று நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். எல்லாம் முதல் பாரிலேயே வந்துவிட்டால் சண்டை தொடங்கும்போது சேர்க்க எதுவும் இருக்காது.

கணினி ஒலியை நம்புவது

தாழ்ந்த சுரத்தில் வாசிக்கும் புல்லாங்குழல், மூன்று டிராம்போனுக்கு மேலே கணினியில் கேட்கும். மேடையில் கேட்காது. அவ்வளவுதான்.

பிரம்மாண்டத்துக்காகக் கோரஸ் சேர்ப்பது

ஒரிஜினலில் இல்லையென்றால் வேண்டாம்.

உரிமை

எழுத உட்காரும் முன்பே உரிமையாளரிடம் எழுத்துமூலம் அனுமதி வாங்குங்கள். நிகழ்த்துவதற்கு அரங்கம் வைத்திருக்கும் உரிமம் பாட்டை மாற்றி எழுதுவதற்குச் செல்லாது. திரையில் கேம் காட்சி ஓட்ட வேண்டுமென்றால் அதற்குத் தனியாகக் கேட்க வேண்டும்.

பக்கம் புரட்ட இடம் விடாதது

ஒவ்வொரு வாத்தியக்காரரின் பார்ட்டையும் (தனிச் சுரத்தாளையும்) அச்செடுத்து, ஸ்டாண்டில் வைத்து, டெம்போவைத் தட்டிக்கொண்டே நீங்களே ஒரு தடவை புரட்டிப் பாருங்கள். எங்கே கை போதவில்லையோ அங்கே பக்கத்தை மாற்றி அமையுங்கள்.