குலசேகரம் கடைக்கும் நாகர்கோவில் வீட்டுக்கும் ஒரு வயர்கார்டு சுரங்கம்

மாமாவின் ரப்பர் ஷீட் கடை குலசேகரத்தில். எனக்கு வீடு நாகர்கோவில் வடசேரியில். கடைக் கணினியில் உள்ள கணக்கை வீட்டிலிருந்தே பார்க்க வேண்டும், ஆனால் அது ஊருக்கே திறந்து கிடக்கவும் கூடாது. இரண்டு கணினியிலும் உபுண்டு (லினக்ஸ் இயங்குதளம்) இருந்ததால் வயர்கார்டு போட்டோம். இரண்டு கணினிகளுக்கு நடுவே இணையத்தின் வழியே பூட்டிய தனிப் பாதை, அதாவது சுரங்கம், போடும் மென்பொருள் அது. மாமாவுக்குப் போனில் சொன்னது போலவே கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.

முதலில் ஒன்று: ஒரு பக்கத்துக்காவது பொது ஐபி முகவரி (இணையத்தில் வெளியிலிருந்து நேரே எட்டக்கூடிய முகவரி) வேண்டும். பல வீட்டு இணைப்புகளில் அது இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். என் வீட்டில் நிலையான முகவரி இருக்கிறது. ரௌட்டரில் யுடிபி 51820 போர்ட்டை என் கணினிக்குத் திருப்பிவிட்டேன்.

சரி, இனி இரண்டு கணினியிலும்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் வயர்கார்டு
சூடோ -ஐ
சிடி /ஈடிசி/வயர்கார்டு
யுமாஸ்க் 077
டபிள்யூஜி ஜென்கீ > சாவி
டபிள்யூஜி பப்கீ < சாவி > பூட்டு

‘சாவி’ கோப்பில் இருப்பது ரகசியச் சாவி (பிரைவேட் கீ), ‘பூட்டு’ கோப்பில் இருப்பது அதன் பொதுச் சாவி (பப்ளிக் கீ). யுமாஸ்க் வரியை விடாதீர்கள். அது இருந்தால்தான் சாவிக் கோப்பை வேறு யாரும் திறக்க முடியாது. பூட்டை வாட்சாப்பில்கூட அனுப்பலாம். சாவி மட்டும் பிறந்த கணினியை விட்டு வெளியே போகவே கூடாது.

அடுத்து ‘நானோ டபிள்யூஜி0.கான்ஃப்’ என்று தட்டி அமைப்புக் கோப்பை எழுதுங்கள். இன்டர்ஃபேஸ் பகுதியில் அவரவர் சாவி, அவரவர் முகவரி: வீட்டுக்கு 10.8.0.1/24, கடைக்கு 10.8.0.2/24. வீட்டில் மட்டும் லிஸன்போர்ட் 51820.

பியர் பகுதியில் எதிர்ப்பக்கத்தின் பூட்டு. புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். மாமா தன் பூட்டையே தன் கோப்பில் ஒட்டிவிட்டார். பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தன் பூட்டையே பியராகக் கொடுத்தால் வயர்கார்டு அதைச் சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும் என்பதால், அரைமணி நேரம் இணைப்பையே குறை சொல்லிக்கொண்டிருந்தோம். பூட்டு 44 எழுத்து, கடைசியில் ஒரு சமக்குறி. அந்தக் குறி விட்டுப்போனால் ‘சாவியின் நீளம் சரியில்லை’ என்று உடனே சொல்லிவிடும். அதனால் கடைசி எழுத்து வரை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அலவ்டுஐபீஸ் வரியில் எதிர்ப்பக்க முகவரியை /32 (அந்த ஒரு முகவரி மட்டும் என்று பொருள்) சேர்த்து எழுதுங்கள். கடைப் பக்கத்தில் இன்னும் இரண்டு வரி: எண்ட்பாயின்ட் (வீட்டுப் பொது முகவரி, முக்காற்புள்ளி, 51820), பெர்சிஸ்டன்ட்கீப்அலைவ் 25. இந்த 25, நொடிக் கணக்கு. கடை ரௌட்டர் பாதையை மூடிவிடாமல் இருக்க, 25 நொடிக்கு ஒருமுறை ஒரு சிறு தரவுப் பொட்டலம் போகும். இது இல்லாவிட்டால் சும்மா இருக்கும் நேரத்தில் வீட்டிலிருந்து கடையை எட்ட முடியாமல் போகும்.

அப்புறம் இரண்டு பக்கமும் ‘டபிள்யூஜி-குவிக் அப் டபிள்யூஜி0’. வீட்டிலிருந்து ‘பிங் 10.8.0.2’. ‘டபிள்யூஜி ஷோ’ என்று தட்டி, லேட்டஸ்ட் ஹேண்ட்ஷேக் (இரண்டு பக்கமும் கடைசியாகக் கைகோத்த நேரம்) வரி வந்திருக்கிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் பூட்டுகளையும் ரௌட்டரையும் இன்னொரு தடவை பாருங்கள்.

கடைசியாக ‘சிஸ்டம்சிடிஎல் எனேபிள் டபிள்யூஜி-குவிக்@டபிள்யூஜி0’. மழையில் கரண்ட் போய் வந்தாலும் மாமா கணினியை ஆன் செய்தால் போதும், சுரங்கம் தானாகத் திறந்துகொள்ளும்.