பிரீமியர் பத்மினியை 30 மில்லிமீட்டர் இறக்குவது எப்படி: ஸ்பிரிங், பட்டை, ஷாக் அப்சர்பர்

வாப்பா வைத்திருந்த பத்மினி எங்கள் கீழக்கரை வீட்டு முற்றத்தில் இன்னும் ஓடுகிற நிலையில் நிற்கிறது. 1964-இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த அதே வண்டிதான், எழுபதுகளில்தான் பெயர் மாறியது. முன்னால் காயில் ஸ்பிரிங், பின்னால் பட்டை (லீஃப் ஸ்பிரிங், ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வளைந்த உருக்குத் தகடுகள்). பாம்பன் பாலத்தில் குறுக்குக் காற்று அடிக்கும்போது வண்டி ஆடுவது எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தாழ்ந்து நின்றால் பார்க்கவும் அழகு. அதனால் இறக்கினேன். முதல் முறை தப்பாகப் போய், இரண்டாம் முறைதான் சரியாக வந்தது. அந்த இரண்டாம் முறையைத்தான் எழுதுகிறேன்.

வேலையில் இறங்கும் முன் ஒன்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அசல் ஸ்பிரிங்கையும் பட்டையையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள். நான் பின்பக்கத்துக்கு வேறொரு பழைய பட்டை செட் வாங்கித்தான் வேலை செய்தேன்.

அளவு எடுங்கள்

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மட்கார்டு விளிம்பு வரை, நாலு பக்கமும் அளந்து எழுதி வையுங்கள். தரையிலிருந்து அளந்தால் டயர் காற்றும் கணக்கில் புகுந்துவிடும். டேங்க் பாதி, ஆள் யாரும் உள்ளே இல்லை, சிமெண்டுத் தரை. கடைசியில் அளக்கும்போதும் இதே நிலைதான்.

மூன்று நாளுக்கு முன்பே எல்லா நட்டுக்கும் எண்ணெய் விடத் தொடங்குங்கள். நம் ஊர் உப்புக்காற்றில், பட்டையை அச்சோடு சேர்த்துக் கட்டும் யூ போல்ட்டின் மரைகள் துருவேறி ஒன்றாகிப் போயிருக்கும். ஸ்பேனரில் என் ஓட்டு ரிங் ஸ்பேனருக்கு மட்டும்தான், ஓபன் ஸ்பேனர் நட்டின் முனையை உருட்டிவிடும். யூ போல்ட்டைக் கழற்றினால் புதிதுதான் போட வேண்டும்.

வண்டியைத் தூக்கி நிறுத்த ஜாக் ஸ்டாண்டு வேண்டும். இங்கே பலரும் பனந்துண்டு வைப்பார்கள். வைக்காதீர்கள், அது பிளக்கும். முற்றம் மணலாக இருந்தால் ஸ்டாண்டுக்கு அடியில் கனமான பலகை போடுங்கள்.

முன்பக்கம்: நான் இடறிய இடம்

ஷாக் அப்சர்பரைக் கழற்றி, கீழ்க்கைக்கு (சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்ப்பக்க இரும்புக் கை) ஜாக்கி கொடுத்து, ஸ்பிரிங் கம்ப்ரஸர் போட்டு, அதன் பிறகே ஸ்பிரிங்கை எடுக்க வேண்டும். அமுங்கிய ஸ்பிரிங் தெறித்தால் எலும்பு முறியும். ஸ்பிரிங்கைச் சுற்றி ஒரு சங்கிலி கட்டி வையுங்கள், அதற்கு நேராக முகத்தைக் கொண்டுபோகாதீர்கள்.

முதல் முறை நான் கேட்டது 40 மி.மீ. குட்டையான ஸ்பிரிங். வண்டியும் 40 மி.மீ. இறங்கும் என்று நினைத்தேன். போட்டு இறக்கினால் வண்டி 65 மி.மீ.க்கு மேல் உட்கார்ந்துவிட்டது. பாம்பன் பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் பம்ப் ரப்பரில் (ஸ்பிரிங் முழுதாக அமுங்கும்போது இரும்போடு இரும்பு மோதாமல் தடுக்கும் ரப்பர்) இடித்து, மண்டைக்குள் அதிர்ந்தது.

காரணம் இதுதான். ஸ்பிரிங் சக்கரத்துக்கு நேர்மேலே இல்லை. கீழ்க்கையின் நடுவில், வண்டிக்கு உள்பக்கமாக உட்கார்ந்திருக்கிறது. கிணற்று ஏற்றத்தை நினைத்துக்கொள்ளுங்கள்: முனை நிறைய நகரும், நடு கொஞ்சமாக நகரும். ஸ்பிரிங் இல்லாத நிலையில் கீழ்க்கையை ஜாக்கியால் மெதுவாக ஏற்றி அளந்தேன். சக்கரம் 20 மி.மீ. ஏறியபோது ஸ்பிரிங் உட்காரும் இடைவெளி 12 மி.மீ.தான் குறுகியது. அதாவது 0.6. சக்கரத்தில் 30 மி.மீ. இறங்க வேண்டும் என்றால் ஸ்பிரிங்கில் 18 மி.மீ. போதும். நான் 40 குறைத்தேன், 40-ஐ 0.6-ஆல் வகுத்தால் சுமார் 67. கணக்கு அப்படியே வண்டியில் நின்றது. என் எண்ணை எடுத்துக்கொள்ளாமல் உங்கள் வண்டியில் நீங்களே அளந்து பாருங்கள், பத்து நிமிட வேலை.

இதோடு முடியவில்லை. தாழ்ந்த வண்டிக்கு அமுங்க இடம் குறைவு, அதனால் ஸ்பிரிங் கொஞ்சம் விறைப்பாக வேண்டும். விறைப்பு கம்பியின் குறுக்களவின் நான்காம் அடுக்கில் ஏறும். 12 மி.மீ. கம்பியை 12.5 ஆக்கினாலே சுமார் 18 சதவீதம் கூடிவிடும். விறைத்த ஸ்பிரிங் அதே எடைக்குக் குறைவாகத்தான் அமுங்கும். பழையது 100 மி.மீ. அமுங்கி நின்றது என்றால் புதியது 85-இல் நின்றுவிடும், ஸ்பிரிங் அந்த 15 மி.மீ. உயரமாக நிற்கும், வண்டி அதைவிடக் கூடுதலாக மேலே போகும். ஆகவே 18-உடன் அந்த 15-ஐயும் சேர்த்து, 33 மி.மீ. குட்டையாகக் கேட்க வேண்டும். ஸ்பிரிங் செய்பவரிடம் வெறும் நீளத்தைச் சொல்லாமல், வண்டி நிற்கும்போது ஸ்பிரிங் எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும், அதன் மேல் எவ்வளவு எடை என்று எழுதிக் கொடுங்கள்.

இருக்கிற ஸ்பிரிங்கில் ஒரு சுற்றை அறுத்துவிடலாமா என்றால், என் பதில் வேண்டாம் என்பதுதான். எட்டுச் சுற்றில் ஒன்று போனால் 14 சதவீதம் விறைக்கும், அது பரவாயில்லை. ஆனால் அறுத்த முனை, ஸ்பிரிங் உட்காரும் இருக்கையில் சரியாகப் படியாது. கேஸ் வைத்து அறுத்தால் அந்த இடத்தில் உருக்கின் பதமும் போய்விடும்.

உப்புக்குப் பயந்து ஸ்பிரிங்குக்கு ஜிங்க் பிளேட்டிங் கொடுக்காதீர்கள். அந்தக் குளியலில் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து, ஸ்பிரிங் ஒருநாள் சொல்லாமல் முறியும். பிரைமரும் நல்ல பெயிண்டும் போதும்.

ஷாக் அப்சர்பர்

ஸ்பிரிங் வெளியே இருக்கும்போதே இதையும் அளந்துவிடுங்கள். கீழ்க்கை பம்ப் ரப்பரில் தொடும்வரை ஏற்றி, ஷாக்கின் மேல் போல்ட்டுக்கும் கீழ் போல்ட்டுக்கும் இடையே எவ்வளவு என்று பாருங்கள். ஷாக் முழுதாக மூடிய நீளம் அதைவிட 10 மி.மீ.யாவது குறைவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பள்ளத்தின் அடி முழுவதையும் ஷாக்தான் வாங்கும், ஒரு மாதத்தில் ஒழுகும். சக்கரம் முழுதாகத் தொங்கும்போது ஸ்பிரிங் இருக்கையில் தளர்ந்து ஆடக் கூடாது, அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது ஆயில் ஷாக்கை அப்படியே மாட்டாதீர்கள். நிமிர்த்திப் பிடித்து முழுதாக இழுங்கள், தலைகீழாக்கி அமுக்குங்கள், மறுபடி நிமிர்த்தி இழுங்கள். ஐந்தாறு முறை செய்தால் உள்ளே இருக்கும் காற்று வெளியேறி, கைக்கு ஒரே சீரான இறுக்கம் தெரியும். நடுவில் 'தொப்' என்று விட்டுவிட்டால் காற்று இன்னும் இருக்கிறது.

பின்பக்கம்

இங்கே 0.6 கணக்கெல்லாம் கிடையாது. பட்டையின் வளைவில் 25 மி.மீ. குறைத்தால் வண்டியும் ஏறக்குறைய அவ்வளவே இறங்கும். லாரிப் பட்டை பார்க்கும் பட்டறைக்குக் கொண்டுபோனேன். "சூடு காட்டாம அடிச்சா நேரமாகும் தம்பி" என்றார் அங்கிருந்த அண்ணன். ஆகட்டும் அண்ணே என்று உட்கார்ந்துவிட்டேன். பட்டறைக்கல்லில் பட்டையை வைத்து, இரண்டு விரல் இடைவெளிக்கு ஓர் அடியாக, முனையிலிருந்து முனை வரை அடித்துக்கொண்டே போனார். ஒவ்வொரு நடைக்கும் தரையில் சாக்கட்டியால் போட்ட கோட்டின் மேல் வைத்துப் பார்த்தார். எல்லாப் பட்டையையும் இப்படிச் சேர்த்தே இறக்க வேண்டும், தாய்ப்பட்டையை (எல்லாவற்றிலும் நீளமான பட்டை) மட்டும் இறக்கினால் மற்றவை அதோடு ஒட்டாது. சென்டர் போல்ட்டும் புதிது போடுங்கள்.

போல்ட்டுகளை எப்போது இறுக்குவது

வண்டி அந்தரத்தில் இருக்கும்போது பட்டைக் கண்ணின் (பட்டை முனையில் உள்ள வளையம்) போல்ட்டையும், ரப்பர் புஷ் உள்ள வேறு எந்தப் போல்ட்டையும் கடைசி இறுக்கம் இறுக்காதீர்கள். அப்போது இறுக்கினால் ரப்பர் அந்த நிலையிலேயே பிடித்துக்கொள்ளும். வண்டியை இறக்கியதும் முறுக்கிக்கொண்டே நிற்கும். என் முதல் செட் புஷ் ஆறு மாதத்தில் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. கையிறுக்கத்தில் விட்டு, நாலு சக்கரத்தையும் ஒரே உயரப் பலகைகளில் ஏற்றி, பம்பரை நாலு முறை அமுக்கி ஆட்டிவிட்டு, பிறகு அடியில் போய் இறுக்குங்கள்.

அப்புறம் அலைன்மெண்ட். தாழ்ந்தால் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பி நிற்கும் அளவு) கண்டிப்பாக மாறியிருக்கும், அப்படியே ஓட்டினால் டயர் ஒரு பக்கம் தேயும். ஹெட்லைட்டையும் சரிசெய்யுங்கள்.

சோதனை ஓட்டம்

பம்ப் ரப்பரின் முனையில் எலுமிச்சை அளவு களிமண்ணை ஒட்டிவிட்டு, நாலு பேரை ஏற்றிக்கொண்டு மண்டபம் வழியாகப் பாம்பன் பாலம் ஏறி இறங்கினேன். திரும்பி வந்து பார்த்தபோது களிமண் விரல் கனத்துக்கு நசுங்கியிருந்தது, ரப்பர் இரும்பைத் தொடவில்லை. முதல் முறை ஸ்பிரிங்கில் இதே களிமண் காகிதம்போல் ஆகியிருந்தது. நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு நாலு அளவையும் மறுபடி எடுங்கள், ஸ்பிரிங் சில மில்லிமீட்டர் படியும்.

பிற்சேர்க்கை

தனுஷ்கோடி போய் வந்து அடிப்பக்கத்தைக் கழுவியும் ஸ்பிரிங் துருப்பிடிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். எந்தத் தண்ணீரில் கழுவினீர்கள் என்று கேட்டேன். போர் தண்ணீராம். நம் பக்கம் போர் தண்ணீரே உப்பு. இரண்டு குடம் நல்ல தண்ணீர் செலவானாலும் பரவாயில்லை, ஸ்பிரிங்கின் அடிச்சுற்றில் தங்கிய மணலை அதில்தான் அலச வேண்டும்.

இன்னொருவர், அடியில் வேஸ்ட் ஆயில் அடிக்கலாமா என்று கேட்டார். தகரத்துக்கு நல்லதுதான். பட்டைக் கண்ணில் பட்டால் ரப்பர் ஊதிப்போகும். நான் புஷ் இருக்கும் இடங்களை பாலித்தீனால் சுற்றிக் கட்டிவிட்டுத்தான் அடிக்கிறேன்.